பக்கத்து நாற்காலியும் வந்தவாசி விசாரிப்பும்

பிரவுசிங் சென்டர் நடத்துவது ஒரு விசித்திரமான தொழில்: கடைக்கு வருகிற பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போவார்கள், அவர்களைத் தேடி வருகிற பெற்றோர்கள் என்னைத் திட்டிவிட்டுப் போவார்கள்.

உத்திரமேரூர் பஜாரில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவன். ஆளுக்கு ஒரு செல்போன் வந்ததும் பூத்தில் ஈ ஓட்டினேன். மருமகன் சில கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து இறக்கி, "மாமா, இனிமே இதான்" என்றார். நான் படித்தது ஆறாவது வரை. அந்தப் பெட்டிகளில் எனக்குத் தெரிந்தது மெயின் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும்தான். ஊர்க்காரர்களுக்கு இது புரியவில்லை. கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து, "இந்த கேம் என் பையனைக் கெடுத்துடுமா?" என்று என்னிடமே வந்து கேட்டார்கள். பிள்ளை பெற்ற உங்களுக்கும் இதே கேள்வி இருக்கும். கடை வைத்திருப்பவராக இருந்தால் என் பாடும் தெரிந்திருக்கும்.

பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடுகிற கேம் அது. திரையில் ஆளுக்கொரு வீரன். கூட்டமாகக் காட்டுக்குள் போய் அரக்கனை அடிப்பார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கில் பேசிக்கொள்வார்கள். உத்திரமேரூரில் ஒருவன், வந்தவாசியில் ஒருவன், கும்பகோணத்தில் ஒருவன், பெயரே வாயில் நுழையாத ஏதோ நாட்டில் ஒருவன். இதை நல்லது என்பதா கெட்டது என்பதா?

ஒரே வார்த்தையில்

மோட்டார் காயில் கட்டும் முனுசாமி என் கடைப்படி ஏறியதே அதிசயம். என் கிணற்று மோட்டாரை அவர்தான் கட்டிக்கொடுத்தார். அந்தக் கோடை முடிவதற்குள் அது புகைந்துபோனது. கேட்டதற்கு, வோல்டேஜ் சரியில்லை என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் பட்டறை இருக்கும் பக்கம் நான் நடப்பதில்லை. மார்க்கெட்டுக்குச் சுற்றுவழியாகத்தான் போவேன்.

அவர் மகன் பார்த்திபன் ஒன்பதாவது படித்தான். பள்ளிக்கூடம் விட்டால் நேராக என் கடை. காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் ஃபெயில். முனுசாமி கணக்குப் போட்டு வைத்துவிட்டார்: தப்பு கேம் மேல் என்று தெரிந்தால், பொங்கல் கழித்துப் பையனின் படிப்பை நிறுத்தி, அம்பத்தூரில் மச்சானின் லேத் பட்டறையில் சேர்த்துவிடுவது. பையனின் அம்மா அழுதும் கேட்கவில்லையாம். கடைக்காரனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய் என்று யாரோ சொன்னதால் என்னிடம் வந்திருக்கிறார். ஒரு பிள்ளையின் படிப்பு என் வாயில் வந்து நிற்கிறது. நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு முனுசாமி சொன்னார்:

"நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில சொல்லுணா. அங்க மோட்டாரைப் பிரிச்சுப் போட்டது அப்டியே கெடக்குது."

நாற்காலி வந்த விதம்

பதிலுக்கு நான் ஒரு நாற்காலியைக் காட்டினேன். அதன் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் கஸ்தூரி என்ற அம்மா ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குள் நுழைந்தாள். மகள் ரேவதியை முதுகில் இரண்டு வைத்து இழுத்துப் போகத்தான் வந்தாள். நாள் முழுக்க நின்று வேலை செய்த கால். "அடிக்கறது அப்புறம், மொதல்ல உக்காரணும்" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மகள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் திரையைப் பார்த்தாள்.

ரேவதிக்கு அந்த கேமில் சண்டை வேலை இல்லை. அடிபட்டு விழுந்தவர்களிடம் ஓடிப்போய் மந்திரம் போட்டு எழுப்புவதுதான் வேலை. எனக்கு அதுவரை விளங்காமல் இருந்த விஷயம் கஸ்தூரிக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில், படுகளத்தன்று செத்தவர்களாக விழுந்து கிடப்பவர்களை மஞ்சள் தண்ணீர் தெளித்து எழுப்புவார்கள். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்தவள் அவள். "இத்தனி பேரு வுழுந்து கெடக்கறாங்களே, யாரை மொதல்ல எழுப்பணும்னு எப்டிடி தெரியும்?" என்று கேட்டாள். "முன்னாடி நின்னு அடி தாங்கறவனைத்தாம்மா. அவன் எழுந்தா மத்தவங்களைப் பாத்துக்குவான்" என்றாள் மகள். அடிக்க வந்ததை மறந்து, அந்த ஆட்டம் முடியும்வரை அம்மா உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். கேமைப் பற்றிக் கேட்க வருகிறவர் யாரானாலும் முதலில் பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு ஆட்டம் உட்கார வேண்டும். திட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. கஸ்தூரி போகும்போது சொன்னது:

"படுகளத்துல வருசத்துக்கு ஒரு வாட்டி எழுப்பறாங்க, இவ தெனத்துக்கும் எழுப்பறா. காலையில நான் எழுப்பினா மட்டும் இவ எழுந்துக்க மாட்டா."

டியூஷன் மாஸ்டர் சொன்ன ஒரு சரியான விஷயம்

முனுசாமி அன்று நாற்காலியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். அவருக்குத் தூபம் போட்டவர் எங்கள் ஊர் டியூஷன் மாஸ்டர். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாலு பேர் நடுவில் என் கடையைச் சூதாட்டக் கிளப் என்று சொன்ன மனிதர். நான் அதே டீக்கடையில் பின்பக்க பெஞ்சில் இருந்தது அவருக்குத் தெரியாது என்கிறார்கள். தெரியும் என்பது என் கட்சி. அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வைத்தார். நான் போகவில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் கேள்வித்தாள் பிரிண்ட் எடுக்க என் கடைக்கே வர வேண்டியதாயிற்று. ஊரில் அன்று வேறு எவருடைய பிரிண்டரும் ஓடவில்லை. நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. தாள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தபோது அவராகவே ஒன்று சொன்னார். அது சரியாக இருந்தது. அதனால்தான் அவர் மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"கேமை நான் குத்தம் சொல்லலைங்க. இங்க தோத்த பையன் அந்தத் தோல்வியைத் தூக்கிக்கினு என் டியூஷனுக்கு வந்து, பக்கத்துப் பையன் முதுகுல குத்தறானே, அத்தத்தான் சொல்றேன்."

கரண்ட் போகிற நேரம்

அந்த வருஷங்களில் எங்களுக்கு வேறு எது தவறினாலும் மின்வெட்டு நேரம் தவறாது. மாஸ்டர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஆட்டம் சூடாக இருக்கும்போது கரண்ட் போகும். மற்ற ஊர்க்காரர்கள் ஆடிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பிள்ளைகளின் வீரன் மட்டும் மரம் மாதிரி நின்று அடி வாங்கிச் சாவான். பிள்ளையின் லட்சணம் அப்போது தெரியும். ஒருவன் தலையில் கை வைத்துச் சிரிப்பான். ஒருவன் கீபோர்டில் குத்துவான். இன்னொருவன் எழுந்து வெளியே போகாமல், கருத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். சிரிப்பவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. குத்துகிறவனின் அப்பாவிடம், கொஞ்ச நாள் நிறுத்திவைத்துப் பாருங்கள் என்பேன். கருத்த திரையைப் பார்க்கிறவனின் அம்மாவிடம், வீட்டில் ஏதாவது சண்டையா என்று மெல்லக் கேட்பேன். பெரும்பாலும் இருக்கும்.

முனுசாமியை அந்த நேரத்துக்கு வரச் சொன்னேன். நாற்காலியில் உட்கார மனமில்லாமல் வாசலோரம் பையன் கண்ணில் படாமல் நின்றார். கரண்ட் போனது. பார்த்தி குத்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. என் மேசைக்கு ஓடிவந்து போனை எடுத்தான். "வந்தவாசி சென்டரா? ராஜா கீறானா பாருங்க. இங்க கரண்ட் போச்சு, எனக்காகக் காத்துக்கினு நிக்க வேணாம், மத்தவங்களைக் கூட்டிக்கினு போவச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தான். முனுசாமி வாசலிலிருந்து மெதுவாக உள்ளே வந்து என்னிடம் கேட்டார்:

"வூட்டுக்கு வர லேட்டானா அவங்கம்மாவுக்கு ஒரு நாளு போன் பண்ணதில்ல இவன். யாருணா அந்த ராஜா?"

ஹெட்போன் மாட்டிய முனுசாமி

மறுநாள் அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ராஜாவின் குரலைக் கேட்க வேண்டும் என்றார். ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். முதலில் அவர் கேட்டது ராஜாவின் குரல் இல்லை. எந்த ஊர்ப் பையனோ, பார்த்தி சரியாக ஆடவில்லை என்று அவன் அம்மாவையும் சேர்த்துக் கேவலமாகத் திட்டினான். முனுசாமிக்கு ரத்தம் கொதித்துவிட்டது. மைக்கைப் பிடித்து, "டேய், யார்ரா நீ? எந்தத் தெரு? உங்க நைனாவைக் கூப்பிடு, நான் பேசிக்கறேன்" என்றார். கும்பகோணம், வந்தவாசி, அந்தப் பெயர் தெரியாத நாடு, எல்லா இடத்திலும் அந்தச் சத்தம் போய்ச் சேர்ந்தது என்று பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.

பார்த்தி மெதுவாக மைக்கை வாங்கினான். "சாரி, எங்க நைனா" என்று எல்லோருக்கும் சொன்னான். பிறகு அப்பாவிடம் திரும்பி ஒரு பட்டனைக் காட்டினான். "இவன் எப்பவும் இப்டித்தான் பேசுவான் நைனா. திருப்பிப் பேசினா இன்னும் பேசுவான். இத்த அமுக்கினா அவன் பேசறது நமக்கு வராது" என்று அமுக்கினான். அமுக்கிவிட்டு, யார் முன்னால் போக வேண்டும், யார் ரேவதிக்குக் காவல் நிற்க வேண்டும் என்று தன் வேலையைப் பார்த்தான். வீட்டில் 'உம்' என்பதற்கு மேல் பேசாத பையன். முனுசாமி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அரக்கன் விழுந்த பிறகு என் பக்கம் குனிந்து கேட்டார்:

"அந்தப் பட்டன் மாதிரி வெளியில எதனா விக்கறாங்களாணா? அம்பத்தூர் மச்சானுக்கு ஒண்ணு போடணும்."

பொண்ணு குடுக்கிற கேள்விகள்

அந்தக் கலவரத்தில் ராஜாவின் குரலைக் கேட்க முடியவில்லை, ஆனால் ராஜா அவர் மனதை விட்டுப் போகவில்லை. பார்த்தியைக் கேட்டால், வந்தவாசிப் பையன், பத்தாவது படிக்கிறான், நல்லவன் என்றான். நேரில் பார்த்தது இல்லை. முனுசாமிக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. "பொண்ணு குடுக்கறப்போ இன்னா இன்னா விசாரிப்பே, அத்த எல்லாம் விசாரி" என்றேன். "ஆளு யாரு, கோவம் வந்தா எப்டிப் பேசறான், யார் யாரு கூட சேர்றான், போட்டோ கேக்கறானா, பாஸ்வேர்டு கேக்கறானா, இத்த வூட்ல சொல்லாதன்னு எதனா சொல்றானா. கடைசிக் கேள்விக்கு ஆமான்னு வந்தா மத்தது எதுவும் பாக்காத, நிறுத்திடு."

நான் சொன்னது, மகனிடம் விசாரி என்று. முனுசாமி எடுத்துக்கொண்டது வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தவாசிக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே பிரவுசிங் சென்டருக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, ராஜா என்கிற பையன் எப்படி, குணம் எப்படி, குடி கிடி உண்டா, குடும்பம் எப்படி என்று முறைப்படி கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரரும் முறைப்படி பதில் சொல்லியிருக்கிறார். நீங்கள் எந்த ஊர் என்று அவர் கேட்டதற்கு, உத்திரமேரூர் முனுசாமி, பிரவுசிங் சென்டரில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள் என்று அடையாளமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தங்கமான பையன், வெற்றிலைகூடப் போடுவதில்லை, சொந்தமாக வண்டி வைத்திருக்கிறான் என்று எனக்கு வந்து சொன்னார். "பத்தாவது படிக்கற பையனுக்கு வண்டியா?" என்றேன்.

"வசதியான வூட்டுப் புள்ளைணா" என்றார்.

பழத்தட்டு

அடுத்த வாரம் என் கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பட்டுப்புடவை கட்டிய அம்மா, துண்டு போட்ட அப்பா, தாய்மாமன் ஒருவர், பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் ஓர் ஆள். கையில் வாழைப்பழம், ஆப்பிள், பூ வைத்த தட்டு. "பொண்ணு வூட்டுக்காரர் முனுசாமி வூடு எதுங்க?" என்று கேட்டார் தாய்மாமன். விசாரித்துவிட்டுப் போனவர்கள் தகவல் சொல்லவில்லை, நல்ல நாளாக இருக்கிறது, நாமே ஒரு எட்டு போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்திருக்கிறார்கள்.

முனுசாமி உள்ளே மகன் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். "நான்தான் முனுசாமி. எனக்கு இவன் ஒருத்தன்தான். பொண்ணு ஏது?" என்றார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இஸ்திரி சட்டைக்காரர் தயங்கி, "இல்லைங்க, டீக்கடையில விசாரிச்சதா..." என்று வாய் திறந்தார். அவ்வளவுதான். பார்த்தி நாற்காலியோடு திரும்பினான். தினமும் காதுக்குள்ளேயே கேட்ட குரல் ஆயிற்றே. "ராஜாவா?" என்றான். அவருக்கு முப்பது வயது இருக்கும். வந்தவாசியில் கோரைப்பாய்க் கடை வைத்திருக்கிறவர். பத்தாவது படிக்கிற பையன் என்று இத்தனை நாளாகச் சொல்லிவந்தது அவர்தான். அவர் தரையைப் பார்த்தார். பார்த்தியின் முகம் வாடிப்போனது. தட்டைக் கீழே வைக்கவும் முடியாமல் தூக்கிக்கொண்டிருக்கவும் முடியாமல் அந்த அம்மா சொன்னாள்:

"எத்தினி எடம் தேடிட்டோம். நாங்க போய்தான் எல்லா வூட்லயும் கெஞ்சினு கீறோம். இவனை விசாரிச்சுக்கினு தானா வந்தது நீங்க ஒருத்தர்தாங்க."

டீமை விட்டு அனுப்பியது

முனுசாமிக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மகனைப் பார்க்கப் பயமாக இருந்தது. பயம் ஜெயித்துவிட்டது. "பெட்டியைக் கட்டுடா. நாளைக்கே அம்பத்தூர்" என்றார். அந்த ராஜா கையைப் பிசைந்தார். "கடையில நாளெல்லாம் தனியா உக்காந்துக்கினு கீறேங்க. பெரியாளுன்னா பசங்க சேத்துக்க மாட்டாங்கன்னு அப்டிச் சொல்லிட்டேன். தப்பா எதுவும் பேசினதில்ல" என்றார். நான் என் கேள்விகளையெல்லாம் எல்லோர் எதிரிலும் பார்த்தியிடம் கேட்டேன். போட்டோ கேட்டாரா? இல்லை. பாஸ்வேர்டு? இல்லை. வீட்டில் சொல்லாதே என்றாரா? இல்லை. எனக்கு அப்படியும் மனசு ஒப்பவில்லை. இவர் நல்லவராக இருக்கலாம். இதே பொய்யைச் சொல்லிக்கொண்டு வருகிற அடுத்த ஆளும் நல்லவனாக இருப்பான் என்று யார் பொறுப்பேற்பது?

அப்போது பார்த்தி எழுந்தான். "நீங்க இனிமே எங்க டீம்ல வேணாம்ணா" என்றான். "வயசுக்காகச் சொல்லல. வயசுல பொய் சொன்னான்னு முன்னே ஒருத்தனை வெளிய அனுப்பினோம். அப்போ நீங்களும் சரின்னுதான சொன்னீங்க?" அவர் தலையாட்டினார். சாரி என்று அந்தப் பையனிடம்தான் சொன்னார், எங்களிடம் சொல்லவில்லை. "டீ குடிச்சிட்டுப் போங்கண்ணா" என்றான் பார்த்தி. எல்லோரும் குடித்தோம். கொண்டுவந்த பழத்தைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்று அந்த அம்மா தட்டைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டாள். வேன் போன பிறகு முனுசாமி நாற்காலியை மகன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"என் பட்டறையில ஒருத்தன் செம்புக் கம்பி திருடறான்னு தெரிஞ்சும், வாயத் தொறந்து போடான்னு சொல்ல எனக்கு வரல. இவன் சொல்லிட்டான், மரியாதையாவும் சொல்லிட்டான். மச்சான் லேத்துக்கு வேற ஆளு பாத்துக்கட்டும்."

அதற்குப் பிறகு

சும்மா விட்டுவிடவில்லை. மாஸ்டரிடம் கணக்கு டியூஷன் முடித்த பிறகுதான் கேம், யாரோடு ஆடுகிறான் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டும், கரண்ட் போனால் அன்றைக்கு அதோடு சரி என்று அப்பாவும் மகனும் பேசி வைத்துக்கொண்டார்கள். அரையாண்டில் பார்த்தி கணக்கில் கரையேறினான். பெரிய மார்க் இல்லை, பாஸ். அதற்குக் காரணம் தன் டியூஷன்தான் என்று மாஸ்டர் டீக்கடையில் சொன்னாராம். இதையும் எழுதி வைக்கிறேன். பாய்க் கடை ராஜாவுக்காக, கஸ்தூரி தன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தாள். இந்த முறை இரண்டு பக்கமும் வயதைத்தான் முதலில் கேட்டார்களாம்.

முனுசாமிதான் மாறிப்போனார். பட்டறையை மூடியதும் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அங்கே போ, இங்கே அடி, பின்னால் ஒருத்தன் வருகிறான் பார் என்று கடை அதிரும். ஒருநாள் ரேவதி என் மேசைக்கு வந்து முறையிட்டாள்:

"ஓனர், பார்த்தி நைனாவுக்குத் தனியா ஒரு கம்ப்யூட்டர் குடுத்துடுங்க. அரக்கனைக்கூட சமாளிச்சுடறோம், இவரைத் தாங்கல."

கேம் நல்லதா கெட்டதா என்று கேட்டு வந்த ஒருவருக்கும் நான் கடைசிவரை பதில் சொன்னதில்லை, தாங்களே உட்கார்ந்து பதிலைத் தெரிந்துகொண்டு போனவர்களில் ஒருவரும் எனக்கு நன்றி சொன்னதில்லை, அவர்கள் பெயரெல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.